நீல மாத்திரையும் ஆறரை விநாடியும்: ஒரு வதந்தியின் கதை

பாலக்கோடு வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேலை செய்கிறேன். 2023 அக்டோபரில் எங்கள் மாணவி ஒருத்தியைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது. அவள் ஊக்கமருந்து ஊசி போட்டுக்கொண்டு ஓடுகிறாள் என்ற பேச்சு. அது எதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது, நான் எங்கே தவறினேன் என்பதையெல்லாம் அப்போதே நோட்டில் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெண்ணின் பெயரும் ஊரும் இதில் இருக்காது. அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் முழுதாகப் படித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகே வெளியே விடுகிறேன்.

நடந்தது

வருவாய் மாவட்ட அளவிலான தடகளப் போட்டி, மாணவியர் 400 மீட்டர் இறுதி. அவள் அப்போது பிளஸ் ஒன், வயது 16. கடைசி 80 மீட்டரில் இரண்டு பேரைத் தாண்டி முதலாவதாக வந்தாள். ஸ்டாப்வாட்சில் 61.9 விநாடி. அதே பெண் அந்த வருஷம் ஜனவரியில் எங்கள் பள்ளி மைதானத்தில் 68.4 ஓடியவள். ஒன்பது மாதத்தில் ஆறரை விநாடி குறைந்திருந்தது.

முடிவுக் கோட்டுக்குப் பின்னால் கயிறு கட்டியிருந்த இடத்தில், இரண்டாவதாக வந்த பெண்ணின் அப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. “ராகிக் களி தின்னுட்டு ஓடுற ஓட்டமா இது? ஊசி போட்டிருக்காங்கய்யா.” குரலைத் தாழ்த்திக்கூடச் சொல்லவில்லை.

ஊசி என்பது எங்கள் பக்கத்தில் பழகிய வார்த்தை. கிருஷ்ணகிரி பக்கம் எருது விடும் விழாவில் ஒரு மாடு எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடிவிட்டால், கூட்டத்தில் யாராவது ஒருவர் அந்த வார்த்தையைப் போட்டுவிடுவார். மாட்டுக்குச் சொல்லும் வார்த்தையை ஒரு பிள்ளைக்குச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அதற்குச் சில வாரங்கள் முன்னால், 2023 செப்டம்பரில், டெல்லியில் நடந்த மாநிலத் தடகளப் போட்டிக்குத் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவின் ஆட்கள் வந்ததும் வீரர்கள் பலர் மைதானத்தை விட்டே காணாமல் போனார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர் மட்டும் ஓடினார். கழிப்பறையில் கிடந்த ஊசிகளின் வீடியோ எல்லார் செல்போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த கண்ணோடுதான் மனிதர்கள் எங்கள் போட்டியையும் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் பேச்சு. புதன்கிழமை வகுப்பறையில். அதற்குள் பேச்சின் வடிவமே மாறிவிட்டது. ஊசி போட்ட பெண்ணுக்கு மீசை முளைக்கும், குழந்தை தங்காது, நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று ஆகிவிட்டது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்று அதை இழந்த சாந்தி சௌந்தரராஜனின் பெயரையும் யாரோ இதில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர் விஷயத்தில் ஊக்கமருந்து என்ற பேச்சே கிடையாது. அது பாலினப் பரிசோதனையின் பெயரால் அவருக்கு நடந்த அநியாயம். எத்தனை பேரிடம் விளக்கியும் இரண்டையும் ஒன்றாகவே போட்டுக் குழப்பினார்கள். ஒரு பையனைச் சந்தேகப்பட்டால் அவன் பதக்கத்தோடு விஷயம் முடிந்துவிடும். பெண் பிள்ளையைச் சந்தேகப்பட்டால் அவள் உடம்பு வரைக்கும் போய்விடுகிறார்கள்.

வியாழக்கிழமை காலைப் பயிற்சிக்கு அவள் வரவில்லை. “வயித்து வலியாம் சார்” என்று கூடப் படிக்கும் பெண் வந்து சொன்னாள். வயிற்று வலி இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

ஆறரை விநாடியின் கணக்கு

ஊரைத் திட்டிக்கொண்டே சில நாள் போனது. சனிக்கிழமை பழைய நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஆறரை விநாடி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெளிவாகத் தெரியாமல் அடுத்தவரிடம் என்ன பேசுவது?

ஜனவரியில் அவள் ஓடியது நாங்களே சுண்ணாம்புத் தூள் போட்டு வரைந்த 200 மீட்டர் தடத்தில். இரண்டு சுற்றை 400 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாணவர்களைக் கூப்பிட்டு டேப் பிடித்து அளந்தேன். உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும் என்பது விதி. இரண்டு சுற்றும் சேர்ந்து 411 மீட்டர் வந்தது. அதே வேகத்தில் சரியான 400-ஐ ஓடியிருந்தால் ஜனவரி நேரம் 66.6 ஆக இருந்திருக்கும். ஏறக்குறைய இரண்டு விநாடி என் சுண்ணாம்புக் கோட்டின் தப்பு.

மீதியில் கொஞ்சம் வளைவுகளுக்குப் போகும். பள்ளித் தடத்தில் நான்கு குறுகல் வளைவு, பெரிய மைதானத்தில் இரண்டே அகல வளைவு. ஜனவரியில் வெறுங்கால், அக்டோபரில் சீனியர் ஒருத்தி கொடுத்த பழைய ஸ்பைக்ஸ். முன்பெல்லாம் முதல் 200-ஐ வெறி பிடித்த மாதிரி ஓடிவிட்டுக் கடைசியில் காலை இழுத்துக்கொண்டு வருவாள். அதை மாற்றவே எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. தவிர, கையால் எடுத்த நேரம் 400-க்கு 0.14 விநாடி கூட்டினால்தான் மின்னணு நேரத்தோடு ஒப்பிட முடியும். ஆக 61.9 என்பது உண்மையில் 62-க்குக் கொஞ்சம் மேலே. மாநில அளவில் 60-க்குக் கீழே ஓடும் மாணவிகள் இருக்கிறார்கள். அதிசயம் என்று சொல்ல இதில் எதுவுமே இல்லை.

ஆனாலும் என் கணக்கில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. வதந்தியின் வேரும் அங்கேதான் இருந்தது.

நீல மாத்திரை

“சார் அவளை மட்டும் தனியாக் கூப்பிட்டு, மாத்திரை போட்டியான்னு கேப்பாரு. நீலக் கலர் மாத்திரை.” அவள் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டில் சொன்னது இது. பொய் இல்லை. நான் கேட்டது உண்மை. மாத்திரையும் நீலம்தான்.

அரசுப் பள்ளிகளில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை அது. 60 மில்லிகிராம் இரும்பு, அதோடு ஃபோலிக் அமிலம். பிப்ரவரியில் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பார்த்தபோது அவளுக்கு ஹீமோகுளோபின் 9.2. அந்த வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் தினமும் சாப்பிடும்படி மாத்திரை எழுதிக் கொடுத்தார், பூச்சி மாத்திரையும் கொடுத்தார். மலச்சிக்கல் வருகிறது என்று அவள் பாதியில் நிறுத்திவிடுவாள். அதனால்தான் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். செப்டம்பரில் 11.8.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும், 300 மீட்டரிலேயே கால் கனக்கும். சைக்கிள் வீரர்களும் நெடுந்தூர ஓட்டக்காரர்களும் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்ட ஈபிஓ ஊசி செய்வதும் ரத்தத்தில் சிவப்பணுவைக் கூட்டும் வேலைதான். இயல்பாக இருப்பவரை அது இயல்புக்கு மேலே ஏற்றுகிறது. இந்தப் பெண் இயல்பைத் தொடவே இன்னும் கொஞ்சம் பாக்கி. இரும்பு மாத்திரை ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் கிடையாது.

இதைச் சொல்லி ஊர் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அன்று ராத்திரி படித்த ஒரு விஷயம் என்னை உட்கார வைத்தது.

பழைய கிழக்கு ஜெர்மனியில் 1970-களிலும் 80-களிலும் அரசாங்கமே திட்டம் போட்டு விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஆண்மை ஹார்மோன் மாத்திரை கொடுத்தது. ஓரல் டுரினாபோல் என்று பெயர். பதின்ம வயதுப் பெண்களின் உள்ளங்கையில் வைத்து, வைட்டமின் என்று சொல்லி விழுங்க வைத்தார்கள். அந்த மாத்திரையும் நீல நிறம். குரல் தடித்து, உடம்பு கெட்டு, பலர் வாழ்நாள் முழுக்கச் சிரமப்பட்டார்கள். பொறுப்பாக இருந்த விளையாட்டு அதிகாரி மன்ஃப்ரெட் எவால்டும், மருத்துவர் மன்ஃப்ரெட் ஹ்யோப்னரும் 2000-ல் பெர்லின் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குள் போகத் தேவையில்லாத, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. எங்கள் பெண் ஓடும் அதே 400 மீட்டரில் பெண்கள் உலக சாதனை இன்றைக்கும் கிழக்கு ஜெர்மனியின் மரிதா கோச் 1985-ல் ஓடிய 47.60-தான். அவர் எந்தப் பரிசோதனையிலும் சிக்கியதில்லை. ஆனாலும் அந்த எண்ணை உறுத்தல் இல்லாமல் பார்ப்பவர்கள் குறைவு.

அப்படியானால், நீல மாத்திரை என்னவென்று கேட்ட அந்த வீட்டுக்காரர்கள் தப்பான கேள்வி கேட்கவில்லை. ஒரு வாத்தியார் ஒரு பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு மாத்திரை பற்றிப் பேசுகிறார், அவள் வேகமாக ஓடுகிறாள். இதைக் கேட்டு எந்தப் பெற்றோருக்குச் சந்தேகம் வராது? அவள் அம்மாவைக் கூப்பிட்டு, சீட்டைக் காட்டி, இது ரத்தத்துக்கு என்று பிப்ரவரியிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் முதல் தவறு அது.

நம்பாதவர்கள் பக்கம் இருக்கும் நியாயம்

1988-ல் நான் எட்டாம் வகுப்பு. சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79-ல் ஓடிக் கையைத் தூக்கிய படத்தை எங்கள் பி.டி. சார் பேப்பரிலிருந்து வெட்டி, விளையாட்டுச் சாமான் அறைச் சுவரில் ஒட்டினார். மூன்றே நாளில், ஸ்டானோசோலால் என்ற ஊக்கமருந்து எடுத்திருந்தார் என்று சேதி வந்து தங்கம் போனது. சார் பிளேடு வைத்துப் படத்தைச் சுரண்டி எடுத்தார். நான்கு மூலையில் பசை மட்டும் மிச்சம் இருந்தது, பள்ளி முடிக்கும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். 1999 முதல் 2005 வரை ஏழு முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியை வென்றவர். எத்தனை பரிசோதனை வைத்தும் நான் தேறினேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். 2012-ல் ஏழும் பறிபோய், 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டார். நம் பக்கத்துக் கதையும் உண்டு. 2019-ல் தோஹா ஆசியத் தடகளத்தில் திருச்சி மாவட்டத்துக் கோமதி மாரிமுத்து 800 மீட்டர் தங்கம் வென்றபோது எங்கள் பள்ளி வழிபாட்டுக் கூட்டத்தில் நான்தான் கைதட்டச் சொன்னேன். அடுத்த வருஷம் நான்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து இருந்தது என்று சொல்லி நான்கு ஆண்டுத் தடை வந்தது. அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. பேசாமல் விட்டதும் தப்புதான். நான் பேசாத இடத்தில் டீக்கடை பேசியது.

எண்களும் நம்பாதவர்கள் பக்கம்தான் நிற்கின்றன. உலகம் முழுக்க வழக்கமான பரிசோதனைகளில் சிக்குவது 1 முதல் 2 சதவீதம். 2011-ல் டேகு உலகத் தடகளப் போட்டியில், யார் என்ன பதில் சொன்னார் என்று கண்டுபிடிக்கவே முடியாத முறையில் வீரர்களிடம் கேட்டார்கள். முந்தைய ஒரு வருஷத்தில் ஊக்கமருந்து எடுத்தவர்கள் 43.6 சதவீதம் இருக்கலாம் என்று வந்தது. அதே ஆண்டு அரபு நாடுகளின் போட்டியில் 57.1. இந்தியாவில் 2022-ல் எடுத்த 3,865 மாதிரிகளில் 125-ல் தடைசெய்த பொருள் இருந்தது, 3.2 சதவீதம். 2023-ல் 3.8 சதவீதம். அதிகம் பரிசோதிக்கும் நாடுகளில் நாம்தான் மேலே நிற்கிறோம்.

இவ்வளவும் தெரிந்த ஒருவர் மேல்தட்டு விளையாட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். என் கோபம் வேறு. அந்தச் சந்தேகம் ஓடுகிற பிள்ளையிடம் தொடங்கி அவளிடமே முடிந்துவிடுகிறது. மாத்திரை கொடுத்த கை வரைக்கும், டப்பா விற்ற கடை வரைக்கும் யாரும் நடந்து போவதில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் ஆண்ட்ரியா ரடுகான் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கத்தை இழந்தாள். சளிக்கு அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் அப்போது தடைசெய்திருந்த சூடோஎஃபெட்ரின் இருந்தது. அவளுக்கும் அப்போது 16 வயது. மருத்துவருக்கும் தடை விதித்தார்கள், சரி. ஆனால் உலகத்துக்கு ஞாபகம் இருப்பது அந்தப் பிள்ளையின் பெயர் மட்டும்.

பையில் இருந்த டப்பா

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். சுகாதார நிலையத்துச் சீட்டு, மாத்திரை அட்டை, என் நோட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அம்மா மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர், மீதி மாதங்களில் காட்டு வேலை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு டெஸ்ட் எடுத்துடலாமே சார், அதோட வாய மூடிக்குவாங்கல்ல?”

எடுக்க முடியாது என்று சொன்னேன். நாடாவின் ஆட்கள் அவர்களாக வந்துதான் மாதிரி எடுப்பார்கள். நாமே பாட்டிலில் பிடித்து டெல்லிக்குக் கொண்டுபோனால் அந்த ஆய்வகம் வாங்காது. அவர்கள் எடுக்கும் முறையைச் சொன்னேன். துணைக்கு ஒருவர் கண் எடுக்காமல் கூடவே இருப்பார், பெண்ணுக்குப் பெண். சீல் வைத்த பெட்டிகளில் ஒன்றை ஓடினவரே பொறுக்கி எடுக்க வேண்டும். குறைந்தது 90 மில்லி. ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் ஊற்றி, அவர் கையாலேயே மூடி திருக வேண்டும். பத்து வருஷம் வரைக்கும் வைத்திருந்து மறுபடி சோதிக்கலாம். 2008 பெய்ஜிங் தொடர் ஓட்டத் தங்கத்தை உசைன் போல்ட் 2017-ல் இழந்தது அப்படித்தான், கூட ஓடிய நெஸ்டா கார்ட்டரின் பழைய மாதிரியில் சிக்கியது. இவ்வளவும் செய்து ஒன்றும் இல்லை என்று வந்தாலும் ஊர் நம்பாது அம்மா, ஆம்ஸ்ட்ராங்குக்கும் இல்லை என்றுதான் வந்தது என்றேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மகளைப் பார்த்து, “அண்ணன் வாங்கியாந்த அந்த மாவு டப்பாவ எடுத்தா” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புத்தகப் பையின் அடியில் இருந்து கறுப்பு மூடி போட்ட டப்பா ஒன்று வந்தது. அண்ணன் ஜிம்முக்குப் போகிறவன், தங்கச்சி மெலிந்திருக்கிறாள் என்று ஆசையாக வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஒரு மாதமாகப் பாலில் கலந்து குடித்திருக்கிறாள். லேபிளில் ஒரு காளை படம். தயாரித்த முகவரி இல்லை, தொகுதி எண் இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லை. என்ன கலந்திருக்கிறது என்ற வரிசையில் நாலாவது பெயருக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒன்பது மாதம் பக்கத்தில் நின்று ஓட வைத்தவன், அவள் என்ன குடிக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் பல நாட்டுக் கடைகளில் வாங்கிய 634 சத்துப் பொருட்களைச் சோதித்து 2004-ல் வெளியிட்ட முடிவில், 94-ல் லேபிளில் சொல்லாத ஹார்மோன் பொருட்கள் இருந்தன. கிட்டத்தட்ட ஏழில் ஒன்று. நல்ல லேபிள் உள்ள டப்பாவுக்கே அந்தக் கதி. விதியோ இரக்கமே இல்லாதது. உடம்புக்குள் எப்படி வந்தது என்பது இரண்டாம் கேள்வி, உன் உடம்பில் இருந்தால் நீதான் பொறுப்பு.

அம்மா டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். மாங்காயோடு வேலை செய்தவர்களின் மூக்கு அது. செந்தூரா முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து காம்பு ஓரத்தில் வாசனை இல்லாவிட்டால், கல் வைத்துப் பழுக்கப் போட்டது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். கார்பைட் கல்லுக்குத் தடை, எத்திலீன் வாயு அளவோடு என்றால் அனுமதி என்பதும் அவர்களுக்குத் தெரியும். எல்லா மாம்பழத்தையும் விஷம் என்று அவர்கள் சொல்வதில்லை. எந்தத் தோப்பு, யார் பறித்தது, எந்த மண்டி என்று வரிசையாகக் கேட்பார்கள்.

“எந்தக் கடைடா? பில்லு குடுத்தானா? வேற யாரெல்லாம் வாங்குறாங்க?” மகனிடம் அவர் கேட்ட மூன்று கேள்வியையும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். பில் இல்லை. தருமபுரியில் ஒரு கடை. ஓடுகிற பிள்ளைகள் நிறையப் பேர் வாங்குகிறார்கள்.

அந்த மாவில் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. சும்மா சர்க்கரையும் பால் பவுடருமாகக்கூட இருக்கலாம். அவள் ஓட்டத்தில் அதற்கு விநாடியில் எவ்வளவு பங்கு என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் சுத்தம் என்று ஐந்து நாள் நான் நெஞ்சை நிமிர்த்திப் பேசியதற்கும், ஊசி என்று இரண்டாவதாக வந்த பெண்ணின் அப்பா சொன்னதற்கும் ஆதாரத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. இரண்டு பேருமே பையைத் திறந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு

மறுநாள் அந்த அப்பாவின் வீட்டுக்குப் போனேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்தினார். “அண்ணே, காலையில ஆறு மணிக்கு வாங்க. வாட்சை நீங்க பிடிங்க. தடத்தை நாம ரெண்டு பேரும் சேந்து அளந்துக்கலாம். அவ சாப்பிடுற மாத்திரை, மாவு எல்லாத்தையும் காட்டுறேன்” என்று சொல்லி, டப்பாவையும் அவர் முன்னால் வைத்தேன். காளைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பனி விலகாத நேரத்தில் டி.வி.எஸ். எக்ஸ்.எல்லில் வந்தார். பின்னால் அவர் மகள். ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. வேலிக்கல் மேல் அதை வைத்து உள்ளே இருந்ததை எடுத்தார். அதே கறுப்பு மூடி, அதே காளை.

“என் பொண்ணுக்கும் அங்கதான் சார் வாங்குனேன்” என்றார். “ரெண்டு மாசமா.”

இரண்டு டப்பாவையும் எழுத்துமூலம் ஒரு புகாரோடு உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்தோம். மூன்று பேர் கையெழுத்து, அவர், நான், அந்த அம்மா. கடையில் அந்தச் சரக்கு இப்போது அலமாரியில் இல்லை. பேச்சு முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். எங்கள் மாணவியின் சித்தப்பா இன்றும் மைதானத்துப் பக்கம் வருவதில்லை.

பள்ளியில் ஒரு நீண்ட நோட்டு போட்டிருக்கிறோம். தேதி, தடத்தின் அளவு, வாட்ச் பிடித்தவர் பெயர், அந்த வாரம் சாப்பிட்ட மாத்திரை, யார் எழுதிக் கொடுத்தது, எந்தக் கடை. யார் வேண்டுமானாலும் வந்து புரட்டலாம். தடைப்பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-லும் மாறும் என்பதால் பொங்கல் விடுமுறைக்கு முன்னால் பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்கார வைத்து ஒரு முறை படிக்கிறோம். இப்போது சளி டானிக் வாங்கினால்கூட அவள் முதலில் என்னிடம்தான் பாட்டிலை நீட்டுகிறாள். போன வாரம் சந்தையில் வாங்கிய நெல்லிக்காயைக் காட்டி, “இது பரவால்லையா சார்?” என்றாள். அதியமான் ஆண்ட ஊரில் ஒரு பிள்ளை நெல்லிக்காய்க்கும் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு கனத்தது. சாப்பிடு கண்ணு என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நோட்டின் முதல் வரி இது: தடம் 400.0, இரண்டு பெண்களும் சேர்ந்து ஓடியது, 63.1 மற்றும் 63.6, வாட்ச் பிடித்தவர் இரண்டாவதாக வந்தவளின் அப்பா.